தொட்டுப் பார்க்காத காயம்

(பெண்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிரசவத்தில் தாய் செத்துப்போனால் தமிழ்நாட்டில் அதற்கு விசாரணை உண்டு, கணக்கு உண்டு. சாகாமல், கிழிந்துபோய் வீடு திரும்புகிறவளுக்கு என்ன கணக்கு? அவளைப் பற்றித்தான் பேசவேண்டும். கூச்சமான விசயம்தான். கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே இது மறைந்து கிடக்கிறது.

குழந்தையின் தலை வெளியே வரும்போது ஏற்படும் கிழிசலை மருத்துவம் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. முதலாவது தோல். இரண்டாவது அதன் கீழுள்ள தசை. மூன்றாவது, மலத்தை அடக்கிப் பிடிக்கிற ஆசனவாய்ச் சுருக்குத் தசை. நான்காவது, மலக்குடலின் உள்சவ்வு வரைக்கும். மூன்றும் நான்கும் மேலோட்டமாகப் பார்த்தால் தப்பிவிடும். நல்ல வெளிச்சத்தில், கையுறை மாட்டி, ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கவேண்டும். இதுக்கு மெஷின் எதுவும் வேண்டாங்க. ஒரு விரலும் சில நிமிசமும் போதும். அப்போதே கண்டுபிடித்து ஒழுங்காகத் தைத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். மேல்தோலை மட்டும் தைத்து அனுப்பினால் காற்றும் மலமும் அடக்க முடியாமல் வெளியேறும்.

இன்னொன்று ஃபிஸ்டுலா. தலை மணிக்கணக்கில் சிக்கி அழுத்தினால் ரத்த ஓட்டம் நின்று சதை செத்துவிடும். சில நாளில் மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழும். சின்ன ஓட்டை என்றால், சீக்கிரம் கண்டு மூத்திரக் குழாய் போட்டு வைத்தாலே மூடிக்கொள்வதும் உண்டு. காணாமல் விட்டால் இரவும் பகலும் ஒழுகும்.

அவள் போய்ச் சொன்னால் என்ன பதில்? "புள்ளப் பெத்தா அப்படித்தாம்மா இருக்கும், போகப் போகச் சரியாயிடும்." பரிசோதனை அதோடு முடிந்தது. கூட்டம் அதிகம், ஆள் குறைவு என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் தொட்டுப் பார்த்தால்தான் தெரிகிற காயம், தீண்டாமை இருக்கிற நாட்டில் யாருக்கு முதலில் தெரியாமல் போகும்? 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த தீண்டாமை பற்றிய ஆய்வு 2006-இல் நூலாக வந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு கிராமத்தில் சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்கு வர மறுத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போன பிறகு ஒழுகத் தொடங்கும் காயத்தை அங்கே யார் பார்ப்பது?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான். பெருமைதான். அப்படியானால் இந்தக் காயத்துக்கு இனி வீட்டுப் பிரசவத்தையும் மருத்துவச்சியையும் பழி சொல்ல முடியாது.

நீதி கேட்டுப் போனாலும் வாசலில் ஒரு தடை. மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்சநீதிமன்றம் 1995-இல் சொன்னது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையை மட்டும் விலக்கியது. 2019-இல் வந்த புதுச் சட்டமும் இலவசச் சேவையை விலக்கியே வைத்திருக்கிறது. காசு கொடுத்தவள் நுகர்வோர். இலவச வார்டில் பெற்றவள் யார்? நமக்கு இருப்பது வேறு வழி. அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் இடமில்லை என்று திருப்பியனுப்பிய மேற்கு வங்க வழக்கில், 1996-இல், இது அரசியல் சட்டம் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறியது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பீடும் தரச் சொன்னது. அந்தப் பிரிவைப் பிடித்து உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம்.

அதற்குக் காகிதம் வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டின் நகலைத் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி. மாணவத் தோழர்களே, சேரிக்குப் போகும்போது எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அந்த மனுவை எழுதிக் கொடுங்கள். எந்த நிலைக் கிழிசல், விரல் விட்டுப் பார்த்தார்களா, யார் தைத்தார்கள் என்பதை ஒவ்வொரு பிரசவத்துக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதவேண்டும் என்று கேளுங்கள். எழுதவேண்டும் என்றாகிவிட்டால் பார்த்தே ஆகவேண்டும்.

பெண் தோழர்கள் வீடு வீடாகப் போய் மெதுவாகக் கேளுங்கள். ஒழுகுதா அக்கா, அடக்க முடியலையா என்று கேளுங்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால்தான் அவர்கள் சொன்னதில்லை.