தாள் படித்தவனும் முடிச்சு அவிழ்த்தவனும்

(ஜவ்வாது மலைத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



சாமைக் கொல்லையும் பலா மரமும் சூழ்ந்த இந்த மலையிலே நின்றுகொண்டு, கடல் பல கடந்து, அமெரிக்கக் கண்டத்திலே 400 ஆண்டுகளுக்கு முன்னர் நடந்ததைச் சொல்லப்போகிறேன். "மலைக்கு வந்தவன் மலையைப் பேசாமல் எங்கேயோ போகிறானே!" என்று எண்ணுவீர். பொறுத்திடுக! அந்தக் கதை நேரே உங்கள் கொல்லை வரப்புக்குத்தான் வந்து சேரப் போகிறது.

1598, ஏப்ரல் 30. ரியோ கிராண்டே ஆற்றங்கரை. யுவான் தெ ஓனியாத்தே எனும் ஸ்பானியப் படைத்தலைவன், குதிரையும் கொடியும் பாதிரிமாரும் புடைசூழ வந்து நின்றான். தாள் ஒன்றை எடுத்தான், படித்தான். ஆற்றுக்கு அப்பாலுள்ள மண், மலை, நீர், மரம், புல் அத்தனையும் இனி ஸ்பெயின் மன்னருடையவை! கேட்டு நின்றோர் யார்? அவனுடன் வந்தோர். மண்ணுக்குரியோர், பலநாள் வழித்தொலைவிலே, மக்காச்சோளம் பயிரிட்டுக்கொண்டிருந்தனர். அன்றைய தினம் அந்தக் கரையிலேயே நாடகமும் நடத்தினர். எழுதியவன் படையிலிருந்த ஃபர்ஃபான் எனும் தளபதி. பாதிரிமாரை அந்நாட்டு மக்கள் மகிழ்ந்து வரவேற்பதாகக் கதை! நடக்காததை நடந்ததாகக் காட்டும் வித்தையை, கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாடகம் எழுத வந்த நானும் அறிவேன். ஆனால் ஊரைப் பிடிக்கப் போகுமுன்பே, ஊரார் வரவேற்றதாக ஒத்திகை பார்த்த கூட்டத்தை வேறெங்கும் கேட்டதில்லை.

அந்த மக்கள், மண்ணாலும் கல்லாலும் மாடிமேல் மாடியாக வீடுகட்டி வாழ்ந்தவர்கள். ஸ்பானியருக்கு 'பியூப்ளோ' என்றால் ஊர், அதையே இனப்பெயராக்கிவிட்டனர். 'ஓக்கே ஓவிங்கே' என்ற ஊரில் இடம்பிடித்து, அதற்கு 'சான் யுவான்' என்று தங்கள் சமயப்பெயரைச் சூட்டினர். பிறகு வந்தது வரி. வீட்டுக்கு வீடு ஒரு பருத்திப் போர்வை, ஒரு மூட்டைச் சோளம்! அக்கோமா எனும் குன்றூர் எதிர்த்து நின்றது. தானியம் கேட்டு வந்த படையினரிலே ஏறத்தாழப் பன்னிருவர் மாண்டனர். 1599 சனவரியில் படை திரும்பி வந்தது. ஏறத்தாழ 800 பேர் மடிந்தனர். பிடிபட்டவரில் 25 வயதைக் கடந்த ஆடவருக்கு ஒரு பாதத்தை வெட்டி, 20 ஆண்டு அடிமை வேலை என்று தீர்ப்பு! தீர்ப்பும் தாளில்தான் எழுதப்பட்டது.

1675-இல், முன்னோர் வழிபாட்டை விடாத 47 பெரியவர்களைச் சூனியக்காரர் எனப் பிடித்தனர், சிலரைத் தூக்கிலிட்டனர், பிறருக்குச் சவுக்கடி. சவுக்கடி பட்டவரில் ஒருவர் போப்பே, ஓக்கே ஓவிங்கேயைச் சேர்ந்தவர். ஐந்தாண்டு காத்திருந்தார். வெவ்வேறு மொழி பேசும் ஊர்களுக்கெல்லாம் முடிச்சிட்ட கயிறுகள் ஓடின. நாளுக்கொரு முடிச்சை அவிழ்த்திட வேண்டும், கடைசி முடிச்சு அவிழும் நாளிலே எழுந்திட வேண்டும்! 1680 ஆகஸ்ட் 10-இல் எழுந்தனர். பாதிரிமார் 21 பேர் உட்பட ஏறத்தாழ 400 ஸ்பானியர் மாண்டனர். மற்றையோர் தெற்கே ஓடினர். 1692-இல் ஸ்பானியர் திரும்பி வந்தார்கள் என்பதையும் மறைக்கமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வீடு போர்வை பறித்த அந்த முறை திரும்பவில்லை.

இனி, உங்கள் வரப்பு!

ஆற்காட்டுச் சீமையைக் கும்பினியார் கைப்பற்றிய ஆண்டு 1801. ஈட்டி முனையில் மலையேறி வந்தார்களா? இல்லை, அதைவிடச் சிக்கனமான வழியைக் கண்டுகொண்டது வெள்ளையர் ஆட்சி. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. இன்ன காடு காப்புக்காடாகப் போகிறது. உரிமை இருப்போர், குறித்த தவணைக்குள் வன நிர்ணய அலுவலரிடம் எழுதியோ, நேரில் வந்தோ தெரிவித்திட வேண்டும். தவணை மூன்று மாதத்துக்குக் குறையாதாம்! நாட்டு மொழியிலேயே அறிவித்திட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஓனியாத்தே படித்தது புரியாத மொழி. இங்கே ஒட்டியது தாய்மொழி. ஆனால் மலைக்கு எழுத்துத் தெரியாதே! கேட்காதவனின் உரிமை அழிந்தது என்றது சட்டம். வாய்திறவாதிருந்ததைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டனர். நேற்றுவரை கடுக்காய் பொறுக்கிய காட்டிலே, புனம் கொத்திய சரிவிலே, மறுநாள் முதல் மலையாளி மக்கள் அத்துமீறியவர்! சந்தனம் வளர்ந்தது இங்கே. சேர்ந்தது திருப்பத்தூர்க் கிடங்கிலே.

காடிழந்தவன் கூலிக்குப் போனான். 2015 ஏப்ரல் 7-இல், ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டிலே, செம்மரம் வெட்ட வந்தோர் என்று சுட்டு வீழ்த்தப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளரிலே இந்த மலையின் பிள்ளைகளும் உண்டு. அவர்தம் வீட்டார் இந்தக் கூட்டத்திலும் இருக்கக்கூடும். ஆகவே அதை நான் விரித்துப் பேசவில்லை.

2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. உயர்நீதிமன்றத்தின் 2008 ஆணையால், தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது தடைப்பட்டுக் கிடந்தது. 2016-இல் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வனநிலத்தைப் பயிரிட்டு வாழும் பழங்குடியினர், 4 எக்டேர் வரை உரிமை கோரலாம். கோரிக்கையை முதலில் ஏற்பது அலுவலகமல்ல, கிராமசபை! சான்றுக்கு வெள்ளையன் காலத்துத் தாள்தான் வேண்டுமென்பதில்லை. குடிசை சான்று. கட்டிய வரப்பு சான்று. சமூக உரிமைக்குக் கிணறும் இடுகாடும் சாமியிருக்கும் தோப்பும் சான்று. கோருகிறவர் அல்லாத மூத்தோர் வாய்மொழியை எழுதிக்கொண்டால், அதுவும் சான்று! இவற்றிலே இரண்டேனும் இருந்திடல் வேண்டும்.

கிளைக் கழகத்துச் செயலாளர்களே! கொடியை ஒருநாள் கீழே வைத்துவிட்டு, தாளும் பேனாவுமாகக் கிராமசபைக்கு முன்பே மேலேறி வருக. முதலில் கிழவிகளிடம் போங்கள். எந்தச் சரிவை யார் கொத்தினார், எந்தப் பாறையருகே யாரைப் புதைத்தனர் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லும் பாறைப் பெயரை, ஓடைப் பெயரை, சொன்னபடியே எழுதுங்கள். அழகுத் தமிழாகத் திருத்திட வேண்டா. அளக்க வருகிறவன் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இடத்தை விசாரிப்பான்.