ஊசிக்கு முன்னே அனுமதி
(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் சாப்ளின் ஆற்றிய உரை)



ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு அனுமதி பெறுவது எப்படி என்று காஞ்சிபுரத்தில் எதற்குப் பேச வேண்டும் என்று நினைப்பீர்கள். எங்கள் ஏழை நோயாளர் நிதிக்கு வரும் விண்ணப்பங்களே காரணம். தசைச் சிதைவு நோய் உள்ள மகனுக்காக ஒரு நெசவாளர் வந்தார். தொலைவிலுள்ள ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் பையன் எழுந்து நடப்பான் என்றார்களாம். சில லட்சம் கட்ட வேண்டும். தறியை விற்கப் பேசி முடித்துவிட்டார். "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா சபையில குடுப்பாங்க" என்றார். அந்த ஊசிக்கு என்ன அனுமதி இருக்கிறது என்று எங்கள் டாக்டர்கள் எழுதிக் கேட்டார்கள். பதில் வரவில்லை. நிதியிலிருந்து அதற்குப் பணம் கொடுக்கவில்லை. மகனுக்குப் பிசியோதெரபியும் மருந்தும் இருதயப் பரிசோதனையும் இங்கேயே நடக்கின்றன. தகப்பனாருக்கு எங்கள்மேல் வருத்தம் உண்டு. அது நியாயமான வருத்தம்தான்.

ஸ்டெம் செல் என்பது பலவகை அணுக்களாக வளரக்கூடிய மூல அணு. அதில் பொய் ஒன்றுமில்லை. எலும்பு மஜ்ஜையில் உள்ள ரத்த மூல அணுக்களை வைத்து வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே மாற்று சிகிச்சை தொடங்கிவிட்டார்கள். ரத்த நோய்களுக்கு அது இன்று நிலைபெற்ற வைத்தியம். ஆனால் அதே பெயரைச் சொல்லி எல்லா வியாதிக்கும் ஊசி போடுவது வேறு சங்கதி.

இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் அந்த வேலூரிலேயே ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சி.எம்.சி.யும் சேர்ந்து 2005-ல் ஏற்படுத்தியது. ஹீமோபிலியா என்னும் ரத்தம் உறையாத நோய் கடுமையாக இருந்த 5 பேருக்கு, அவரவர் ரத்த மூல அணுக்களை எடுத்து, குறைபட்ட மரபணுவுக்குச் சரியான நகலைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு நோயால் வரும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்ற செய்தி 2024 டிசம்பரில் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. வெறும் 5 பேர். அதற்குப் பின்னால் எத்தனை வருஷ உழைப்பு!

ஏன் இத்தனை தாமதம் என்று நம்மில் பலர் கேட்கிறோம். பாரிஸ் நகரத்தில் 1999-ல் தொடங்கிய ஒரு சோதனையைச் சொன்னால் விளங்கும். நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு இதேபோல மரபணு சேர்த்தார்கள். குழந்தைகள் தேறினார்கள், உலகமே மகிழ்ந்தது. ஆனால் சில வருஷங்களில் அவர்களில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மரபணுவைச் சுமந்துபோன வைரஸ், அணுவுக்குள் தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டதே காரணம். பிறகு வேறுவகை வைரஸைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வேலூரில் பயன்பட்டது அந்தப் பிந்திய வகையே. பாவில் இழை அறுந்தால் நம் நெசவாளர் அப்போதே நிறுத்திப் பிணைத்துவிடுவார். உடலுக்குள் போய்விட்ட அணுவைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே பார்ப்பதையெல்லாம் முன்னாலேயே பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் 2007-ல் முதல் வழிகாட்டி நெறிகள் வந்தன. 2013-லும் 2017-லும் திருத்தினார்கள். ஆய்வு செய்யும் நிறுவனத்தில் நெறிமுறைக் குழு வேண்டும், ஸ்டெம் செல்லுக்கென்று தனிக்குழுவும் வேண்டும். மனிதரிடம் சோதிக்க மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் வேண்டும். 2019 விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர், அதில் பாதிப்பேர் வெளியாட்கள். சட்டம் அறிந்தவரும், ஒரு பெண்ணும், சாதாரணக் குடிமகனும் இருக்க வேண்டும். இறையியல் படித்தவரும் உட்காரலாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. செமினரியில் படித்தது இதற்கும் உதவும் என்று யார் நினைத்தோம்!

அந்த நாற்காலியில் உட்காருகிறவர் விஞ்ஞானியைப்போல் கேட்க வேண்டியதில்லை. ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் தமிழில் இருக்கிறதா? பாதியில் விலகினால் வழக்கமான வைத்தியம் தொடருமா? எழுதப்படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது பக்கத்தில் சாட்சி யார்? சோதனையால் தீங்கு வந்தால் செலவு யாருடையது? இவற்றைக் கேட்டாலே போதும்.

கருவிலிருந்து எடுப்பதல்லவா, கிறிஸ்தவ மருத்துவமனை இதைத் தொடலாமா என்று சபை மூப்பர் ஒருவர் கேட்டார். வேலூரில் எடுத்தது நோயாளியின் சொந்த ரத்த அணுக்களே. அங்கே கரு சம்பந்தப்படவில்லை. கருவின் அணுக்களை வைத்து ஆய்வு செய்வோரும் உண்டு. மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்க்கவும், மனிதரை நகலெடுக்கவும் நம் நாட்டு நெறிகள் தடை செய்கின்றன. 14 நாளுக்குள் என்றாலும் எங்கள் மனது முழுமையாய் ஒப்பவில்லை. இதில் விசுவாசிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது.

உங்கள் சபையில் யாராவது இப்படி உதவி கேட்டு வந்தால், அந்த ஆய்வு இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் உண்டா, எண் என்ன என்று கேளுங்கள். சோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது நெறி. லட்சங்களில் கேட்டால் அங்கேயே நில்லுங்கள். கடிதத்தை எங்கள் சாப்ளின் அறைக்கு அனுப்பிவையுங்கள். டாக்டர்களிடம் காட்டிப் பதில் எழுதுவோம்.