பிடியரிசி போலக் கொடுப்போம்

(எமது பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மருத்துவத் தொண்டு பற்றிப் பேசும்படி செயலாளர் அக்கா கேட்டார். தொண்டின் பெருமையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்கிற கை எங்கள் சங்கத்துக்குப் புதிதல்ல. எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றி, நான் விட்ட ஒரு பிழையையும் வைத்துக்கொண்டு, கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவை இங்கிருக்கும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். யாழ்ப்பாணமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. நாங்கள் தென்மராட்சியிலும் நிற்காமல் பளை வரை போனோம். முன்பின் தெரியாத ஒரு குடும்பம், தென்னந்தோட்டத்து வீட்டில், எங்களுக்கு ஓர் அறையை ஒதுக்கித் தந்தது. அந்த வீட்டம்மா ஒவ்வொரு நாளும் உலையில் அரிசி போட முன்னர் ஒரு பிடி எடுத்து மூலையில் இருந்த முட்டியில் போடுவா. முட்டி நிறைந்ததும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்துக்குப் போகும். எங்கள் ஊரில் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிடியரிசி எடுத்த பழக்கம் உங்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்தவர்களின் பசிக்கும் அது பயன்பட்டதை நான் பளையில்தான் கண்டேன்.

மருத்துவத்துக்குக் கொடுத்த வரலாறும் எங்களுக்கு நீண்டது. டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டிலேயே மானிப்பாயில் வைத்தியமும் வைத்தியக் கல்வியும் தொடங்கின. அமெரிக்க மிஷனுக்கு வந்த நன்கொடையில் அவர் கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் இளைஞர்களை வைத்தியர்களாக்கினார். பின்னாளில் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் 1873 இல் நாடு திரும்பியபோது வைத்தியம் நின்றுவிடவில்லை. செய்யத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள்.

ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கிய பெண்கள் பிரசவத்தில் இறப்பதைக் கண்ட மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பணம் திரட்டினார்கள். 1898 இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியொட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அங்கே பெண் வைத்தியர்கள் இருந்தபடியால்தான் பெண்கள் வந்தார்கள். கட்டடம் மட்டும் இருந்திருந்தால் வந்திருக்க மாட்டார்கள்.

இனி என்னுடைய பிழைக்கு வருகிறேன். போர் முடிந்த பின் வன்னியில் ஒரு சிறிய வைத்தியசாலையில் கடமையாற்றினேன். கர்ப்பிணிகள் ஸ்கானுக்காகத் தூரம் போவதைப் பார்த்து, என்னோடு படித்தவர்களுக்குக் கடிதம் எழுதினேன். லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று எல்லா இடத்திலிருந்தும் பணம் வந்தது. ஸ்கான் இயந்திரம் வாங்கினோம். பெயர்ப்பலகை வைத்தோம், படம் எடுத்தோம். சில மாதங்களில் அதை இயக்கத் தெரிந்தவருக்கு இடமாற்றம் வந்தது. பிறகு அதன் ஒரு பாகம் பழுதானது. திருத்துவதற்கு ஒருவரும் பணம் ஒதுக்கியிருக்கவில்லை. இயந்திரம் துணியால் மூடப்பட்டு மூலைக்குப் போனது. யார் இயக்குவார், யார் திருத்துவார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கொடுத்தவர்களுக்கு அதைச் சொல்லவும் எனக்கு நெடுங்காலம் துணிவு வரவில்லை. இன்று சொல்கிறேன், மன்னியுங்கள்.

அதன் பிறகுதான் பளைப் பக்கம் போனேன். அங்கே கிளினிக்குக்கு ஓர் அம்மா வருவா. சீனி வருத்தம். கிடுகு பின்னியும் தோட்டத்தில் தேங்காய் பொறுக்கியும் பிழைப்பவ. மூன்று மாதம் வரவில்லை. நான்காம் மாதம் வந்தபோது பாதத்தில் புண், எலும்பு வரை போயிருந்தது. நீரிழிவு நீடித்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துவிடும். முள் குத்தினாலும் தெரியாது, சுடுமணல் சுட்டாலும் தெரியாது. நோகாத புண்ணுக்கு யார்தான் வைத்தியரிடம் ஓடுவார்? முழங்காலுக்குக் கீழே காலைக் கழற்ற வேண்டி வந்தது.

"ஏனம்மா வரேல்லை?" என்று கேட்டேன். "டொக்டர் பிள்ளை, கிளினிக்குக்கு வந்தால் அண்டைக்குச் சம்பளமில்லை. மருந்து நீங்கள் சும்மா தாறியள். பஸ்காரன் சும்மா ஏத்துவானே?" என்றா.

எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அது பெரிய பேறு. ஆனால் கிளினிக் வாசல் வரை வருவது இலவசமில்லை. பஸ் காசு, ஒரு நாட் கூலி, வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள், இவ்வளவும் வேண்டும். அந்த அம்மாவின் காலைக் காப்பாற்ற ஸ்கான் இயந்திரம் தேவைப்படவில்லை. மெதுவான அடியுள்ள ஒரு சோடிச் செருப்பும், மாதம் ஒருமுறை பஸ் காசும், வீட்டுக்குப் போய்ப் பாதத்தைத் திருப்பிப் பார்க்க ஒருவரும் போதும். அவற்றைக் கொடுத்தால் படம் எடுக்க ஒன்றுமிருக்காது. ஆனால் கால் இருந்திருக்கும்.

பின்னர் அவவுக்கு யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தில் செயற்கைக் கால் கிடைத்தது. 1987 முதல் இயங்கும் அந்த நிலையம் நன்கொடைகளை நம்பி நடக்கிறது. செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்து முடிகிற பொருளல்ல. அது தேயும், உடையும், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைக்கு இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை ஆண்டு நீண்டது என்பது பளையாருக்குத் தெரியும். கால் இழந்தவர்களின் தேவை அதைவிட நீண்டது, அவர்களின் ஆயுள் முழுவதற்குமானது.

கட்டடத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2011 இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீற்றர், நடந்து பணம் திரட்டித் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்பினார்கள். அதற்கு முன் எங்கள் நோயாளிகள் மகரகமவுக்கு அலைந்தார்கள். அந்தக் கட்டடம் பயன்படுவதற்குக் காரணம், அது அரச வைத்தியசாலையின் பகுதியாக இருப்பது. தாதியருக்கும் வைத்தியருக்கும் சம்பளம் அங்கிருந்து வருகிறது. அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்டுக்கொண்டேயிருப்பதும் எங்கள் தொண்டுதான்.

மருந்து அனுப்புவது பற்றியும் ஒரு சொல். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது நீங்கள் துடித்துப்போனீர்கள், அள்ளி அனுப்பினீர்கள். நன்றி. ஆனால் வீட்டில் மிஞ்சிய மருந்தைப் பெட்டியில் போட்டு அனுப்பினால், அதைப் பிரித்துப் பார்த்து அழிப்பதும் எங்கள் தலையில் விழும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சேயில் சுமார் 4000 தொன் மருந்து வந்து குவிந்து, பெரும் சுமையானது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலைச் சுருக்கமாகச் சொன்னால், கேட்ட மருந்தை மட்டும் அனுப்புங்கள், வந்து சேரும்போது காலாவதியாகக் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும்.

ஆகவே, இரண்டாம் நூற்றாண்டில் காலடி வைக்கும் சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். ஒவ்வோர் ஆண்டு வகுப்பினரும் ஒரு குடும்பநல உத்தியோகத்தரின் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் யார் கிளினிக்குக்கு வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். சுகாதார வைத்திய அதிகாரியின் ஒப்புதலோடு, முதலில் அவரிடம் கேளுங்கள். போக்குவரத்துச் செலவு, சீனி பார்க்கும் பட்டி, செருப்பு, பாதம் பார்க்கப் பழக்கிய உள்ளூர்ப் பெண் ஒருவருக்குக் கொடுப்பனவு, இப்படித்தான் பட்டியல் வரும். ஐந்தாண்டுக்கு வாக்குக் கொடுங்கள். ஒரு முறை பெருந்தொகை வேண்டாம், மாதம் மாதம் சிறுதொகை போதும். இயந்திரம் வாங்கினால் திருத்தச் செலவையும் சேர்த்து வையுங்கள். கணக்கை, பிழைத்துப்போனவை உட்பட, ஆண்டுதோறும் சங்கத்தில் வாசியுங்கள். நோயாளியின் படம் வேண்டாம்.

பளையில் எங்களுக்கு அறை தந்த அந்த வீடு இன்று இல்லை. அந்த அம்மாவுக்கு நான் ஒன்றும் திருப்பிக் கொடுக்கவுமில்லை. ஒவ்வொரு நாளும் அவ எடுத்தது ஒரு பிடிதான். ஆனால் ஒரு நாளும் எடுக்காமல் விட்டதில்லை. நாங்களும் அப்படிக் கொடுப்போம்.