தாவுல் ஊர்த் தேவாலயம்



சுவரில் தீட்டிய சித்திரம் அச்சுவரை விட்டுப் பிரிந்து வாழுமா? இவ்வினாவை நம்முன் வைக்கும் தேவாலயம் ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டுக் கட்டலோனியாவில், பைரனீஸ் மலைத்தொடரில், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தாவுல் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. அவ்வூரின் புனித கிளமெண்ட் தேவாலயமே அது.

1123ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் ரோடா நகரத்து ஆயர் ராமோன் இதனை அபிஷேகம் செய்தார். அச்செய்தியை உள்ளேயுள்ள தூணொன்றில் வண்ணத்தால் எழுதியும் வைத்தனர். மறுநாளே அவ்வூரின் புனித மரியாள் தேவாலயமும் அபிஷேகம் பெற்றது. ஒரு சிற்றூருக்கு அடுத்தடுத்த நாளில் இரண்டு கோயில்கள்!

கட்டடத்தில் ஆடம்பரம் இல்லை. இத்தாலியின் லொம்பார்டி நாட்டு முறையைத் தழுவியது அது. உருண்டைத் தூண்கள் உள்ளிடத்தை மூன்று நீள்கூடங்களாகப் பிரிக்கின்றன, ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் அரைவட்ட மாடம், மேலே மரக்கூரை. அருகே சதுரமான மணிக்கோபுரம் பல அடுக்குகளாய் ஓங்கி நிற்கிறது. அடியில் கனத்த கற்சுவர், மேலே சாளரங்களால் இலேசாகிவிடுகிறது. வேலைப்பாட்டைவிட அளவின் பொருத்தமே அழகு தருவது.

நடு மாடத்தின் குழிவில்தான் அப்பெரும் ஓவியம் இருந்தது. வாதுமைப் பருப்பு வடிவான ஒளிவட்டத்தின் நடுவே கிறிஸ்து அமர்ந்து, ஒரு கை உயர்த்தி ஆசி வழங்குகிறார். மறுகையில் விரித்த நூல். விழிகள் அகன்றவை; ஆடை மடிப்புகளோ அளவுகோல் வைத்து இழுத்தாற்போன்ற கோடுகள். உயிருள்ள மனிதனைப்போல் வரையத் தெரியாமையால் அப்படி வரைந்தான் என்று சிலர் எண்ணுவர். நான் அவ்வாறு கருதவில்லை. அதே ஓவியன், செல்வன் வாயிலில் கிடக்கும் ஏழை லாசருவின் புண்ணை நாய் நக்குவதை எத்துணை இரக்கத்தோடு காட்டியிருக்கிறான்! அவன் பெயர் தெரியாது. தாவுல் ஆசான் என்றே அறிஞர் குறிப்பிடுவர். அவன் கையாண்ட நீலம் ஏரினைட் என்னும் கனிமம், அம்மலைகளிலேயே கிடைப்பது.

1907இல் கட்டலோனிய அறிஞர் குழுவொன்று இவ்வோவியங்களை ஆராய்ந்தது. புகழ் பரவியது, பின்னாலேயே வணிகரும் வந்தனர். அதே மலைநாட்டு மூர் என்னுமிடத்துத் தேவாலய ஓவியம் 1921இல் அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. எஞ்சியவற்றைக் காக்க, 1919 முதல் 1923 வரை பல தேவாலயங்களின் ஓவியங்களைப் பெயர்த்துப் பார்சிலோனாவுக்குக் கொண்டு சென்றனர். சுவரின்மேல் துணியைப் பசையிட்டு ஒட்டி, காய்ந்தபின் மெல்ல உரித்தால் வண்ணப்படலம் துணியோடு வந்துவிடும்! இத்தாலிய வல்லுநர் அவ்வேலையைச் செய்தனர். பிறகு வேறு துணிக்கு மாற்றி, அருங்காட்சியகத்தில் மாடம்போலவே வளைந்த சட்டத்தில் பொருத்தினர்.

எடுத்தது தக்கதே என்பது என் கருத்து. இல்லையேல் கடல் கடந்திருக்கும். ஆயினும், ஒடுங்கிய சாளரத்தின் மங்கிய ஒளியில், பீடத்தின் முன் முழந்தாளிட்டு அண்ணாந்து நோக்குவோருக்காக வரையப்பட்ட முகம் அது. அருங்காட்சியகத்தில் அதே முகத்தை நாம் நின்றபடி, சீரான விளக்கொளியில் காண்கிறோம்.

2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அப்பள்ளத்தாக்கின் ஒன்பது தேவாலயங்களை உலக மரபுச் செல்வங்களாக ஏற்றது. தாவுல் மாடத்தில் நெடுநாள் இருந்த நகலோவியத்தை அகற்றி, 2013 முதல் பழைய வண்ணங்களை ஒளிக்கதிராகவே சுவரில் வீழ்த்திக் காட்டுகின்றனர். ஒளி அணைந்ததும் வெறுஞ்சுவர் தெரிகிறது. உரித்தெடுத்தபோது வாராமல் ஒட்டிக்கொண்ட மூலவண்ணத்தின் சில திட்டுகள் இன்றும் அங்கே இருக்கின்றன.