ஒரு டேப்லெட் வாங்கிப் பார்த்தோம்
(பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளைக் கல்விக்குழு சார்பில் ஆற்றிய உரை)





போன கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார்கள்: "வீட்டில் இருப்பது ஒரே போன். அதைப் பிள்ளையுடைய அத்தா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் பிள்ளை எதில் படிக்கும்?" அதற்காகத்தான் 12 டேப்லெட் வாங்கி இரவல் கொடுக்கலாம் என்று பேசினோம். பணம் உங்களுடைய ஸதகா. மொத்தமாக வாங்கிவிட்டு வருந்தக் கூடாது என்று, விலை குறைந்ததில் ஒன்றை மட்டும் வாங்கி இரண்டு வாரம் மாலை வகுப்பில் வைத்துப் பார்த்தோம்.

முதல் நாள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எட்டு அங்குலத் திரை. பாடநூல் பிடிஎஃப்பைப் போனில் திறந்தால் பெரிதாக்கிப் பெரிதாக்கி நகர்த்த வேண்டும். இதில் பக்கம் அப்படியே படிக்க வருகிறது.

குறை, பாடநூலைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. பாடத்தில் அச்சிட்டிருக்கிற கியூஆர் குறியீட்டை இதன் கேமரா படிக்கவில்லை. கிட்டே கொண்டுபோனால் மங்குகிறது. தள்ளிப் பிடித்தால் குறியீடு சிறுத்துவிடுகிறது. தானாக ஃபோகஸ் செய்யும் வசதி அதில் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கால் மணி நேரம் போராடிவிட்டு, கடைசியில் எங்களில் ஒருவரின் போனை வாங்கித்தான் அந்தப் பாட வீடியோவைப் பார்த்தது. ரேம் 2 ஜிபிதான். வீடியோவை நிறுத்திப் பாடநூலைப் பார்த்துத் திரும்பினால், வீடியோ மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். இலவசக் குர்ஆன் செயலியில் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருக்கும்போது, திரை முழுக்க ஒரு சூதாட்ட விளம்பரம் வந்தது. ஹஜ்ரத் முகம் மாறிவிட்டது. அது டேப்லெட்டின் குற்றமல்ல. உங்கள் போனிலும் வரக்கூடியதுதான். குர்ஆன் பக்கங்களை முன்பே இறக்கி வைத்து, ஓதும்போது நெட்டை அணைத்துவிட்டோம். பிறகு வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆகவே இந்த டேப்லெட் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ரேம் 4 ஜிபியும் ஃபோகஸ் கேமராவும் உள்ளது விலை கூடுதல். இருக்கிற பணத்தில் 12 வராது, எட்டு வரலாம். "ஜகாத்தில் சேர்த்து வாங்கலாமே" என்றார் ஒரு சகோதரர். ஜகாத் உரியவருக்கு உடைமையாகப் போய்ச் சேர வேண்டும், திரும்ப வாங்கும் பொருளுக்கு ஆகாது என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார்கள். எனவே ஒரே போன் உள்ள வீடுகளில், பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகளுக்கே முதலில்.

வாங்கியது அலுவலகத்தில் இருக்கிறது. அஸருக்குப் பிறகு பிள்ளையையும் பாடநூலையும் கூட்டிவந்து நீங்களே பாருங்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் பெயர் கொடுங்கள்.

வஸ்ஸலாம்.