ஃபோலி சதுக்க வழக்கு: சதிக் குற்றச்சாட்டின் நடைமுறை

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



மீரத் சதி வழக்கு இயக்கத்தினர் அனைவரும் அறிந்தது. 1929இல் அவ்வழக்கை பம்பாயிலோ கல்கத்தாவிலோ நடத்தியிருந்தால் ஜூரி வைத்தாக வேண்டும். மீரத்தில் அந்தத் தொல்லை பிரிட்டிஷ் அரசுக்கு இல்லை. இருபதாண்டுகள் கழித்து, அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் மீதான வழக்கில் ஜூரி இருந்தது. சட்டம் கூறும் முறைகள் அனைத்தும் இருந்தன. முடிவு மட்டும் வேறாக இல்லை.

அமெரிக்காவில் பெரும்பாலான குற்ற வழக்குகளை மாநில நீதிமன்றங்களே விசாரிக்கின்றன. தேசிய அரசின் சட்டத்தை மீறியதாகக் கூறப்படுவோர்தாம் ஃபெடரல் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவர். 1940ஆம் ஆண்டின் ஸ்மித் சட்டம் அத்தகையது. இந்தியாவில் குற்றப்பத்திரிகையைக் காவல்துறை தாக்கல் செய்கிறது. அங்கோ, கடுமையான ஃபெடரல் குற்றம் எனில் ‘கிராண்ட் ஜூரி’ குற்றஞ்சாட்ட வேண்டும். 16 முதல் 23 குடிமக்கள் மூடிய அறையில் அமர்வர். அரசு வழக்குரைஞர் சாட்சிகளை நிறுத்துவார். நீதிபதி இரார், எதிர்த்தரப்பு வழக்குரைஞருக்கும் இடமில்லை. 12 பேர் இசைந்தால் போதும். ஒரு தரப்பை மட்டுமே கேட்டு எழுந்த குற்றச்சாட்டு, மக்களே சுமத்தியதைப் போல வெளியே வருகிறது.

1948 ஜூலையில் நியூயார்க்கில் 12 தலைவர்கள் மீது இவ்வாறு குற்றஞ்சாட்டப்பட்டது. வில்லியம் ஃபாஸ்டர் உடல்நலக் குறைவால் விலக்கப்பட்டார். யூஜீன் டென்னிஸ் உள்ளிட்ட 11 பேர் 1949 ஜனவரியில் ஃபோலி சதுக்க நீதிமன்றத்தில், நீதிபதி ஹரால்டு மெடினா முன் நிறுத்தப்பட்டனர். தொழிலாளர்களும் கறுப்பின மக்களும் ஒதுக்கப்படும் விதத்தில் ஜூரிப் பட்டியல் தயாரிக்கப்படுகிறது என்று அவர்கள் வாரக்கணக்கில் வாதிட்டனர். அவ்வாதம் நிராகரிக்கப்பட்டது.

ஆயுதம் திரட்டியதாகவோ கலகம் செய்ததாகவோ குற்றச்சாட்டில் ஒரு சொல்லும் இல்லை. அரசைப் பலாத்காரத்தால் கவிழ்க்கப் போதிக்கும் கட்சியை அமைக்கச் ‘சதி’ செய்தனர் என்பதே வழக்கு. எனவே சாட்சியமாக வந்தவை நூல்கள். ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’யும் ‘அரசும் புரட்சியும்’ அவற்றுள் அடங்கும். அவற்றுக்குப் பொருள் கூற வந்தோர் கட்சியை விட்டு ஓடியவர்களும், எஃப்.பி.ஐ. உள்ளே நுழைத்திருந்த உளவாளிகளும். கட்சி ஆவணங்களில் அமைதி வழி பேசப்படுகிறதே என்றால், அது வெளிப்பூச்சு, உட்பொருள் வேறு என்றார் லூயி புடென்ஸ். இதை எந்த ஆவணத்தைக் காட்டி மறுப்பது?

அக்டோபர் 14 அன்று அனைவரும் குற்றவாளிகள் என ஜூரி அறிவித்தது. பத்துப் பேருக்கு ஐந்தாண்டுச் சிறை. உலகப் போரில் வீரப் பதக்கம் பெற்ற ராபர்ட் தாம்சனுக்கு மூன்றாண்டு. அன்றே, அவர்களுக்காக வாதாடிய ஐந்து வழக்குரைஞர்களுக்கும் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைத்தண்டனை விதித்தார் மெடினா. அதன்பின் கைதான கம்யூனிஸ்டுகளுக்கு வழக்குரைஞர் கிடைப்பதே அரிதாயிற்று.

1951 ஜூன் 4 அன்று உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது. பிளாக், டக்ளஸ் ஆகிய இருவரே மாறுபட்டனர். ஜாமீனில் இருந்த நால்வர் சரணடையாமல் தலைமறைவாயினர். அம்முடிவின் விலையைப் பிறரும் கொடுத்தனர். ஜாமீன் நிதிக்குப் பணம் தந்தோரின் பெயர்களைக் கூற மறுத்ததற்காக எழுத்தாளர் டாஷியல் ஹாமெட் சிறை சென்றார்.

1957இல், யேட்ஸ் வழக்கில், கொள்கையைப் போதிப்பது வேறு, செயலுக்குத் தூண்டுவது வேறு என அதே நீதிமன்றம் கூறியது. டென்னிஸ் அதற்குள் தண்டனையை முடித்து வெளிவந்திருந்தார். 1956இல் சரணடைந்த ஹென்றி வின்ஸ்டனோ சிறையிலேயே இருந்தார். அவருடைய மூளைக் கட்டிக்கு உரிய காலத்தில் சிகிச்சை அளிக்கப்படவில்லை. 1961இல் விடுதலையானபோது அவர் பார்வையை இழந்திருந்தார்.