ரத்தக் குழாயின் உள்தோல்



இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய்க்குத் தமனி என்று பெயர். அதன் சுவரில் தசை இருக்கிறது. தசை இறுகினால் குழாய் குறுகும். தளர்ந்தால் விரியும்; ரத்தம் தாராளமாக ஓடும்.

குழாயின் உள்ளே வழவழப்பான ஒரு தோல் உண்டு. வெங்காயச் சருகைவிட மெல்லியது. அது வெறும் பூச்சு என்றே வெகுகாலம் நினைத்தார்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ராபர்ட் பர்ச்காட் என்ற விஞ்ஞானி இருந்தார். முயலின் தமனித் துண்டுகளில் ஒரு மருந்தை விட்டுப் பார்த்தார். உயிருள்ள உடம்பில் அது தமனியைத் தளர்த்தும். அவர் துண்டுகளோ இறுகின. பல ஆண்டுகள் இதே குழப்பம். 1978இல் ஒரு நாள் துண்டு தளர்ந்தது! என்ன மாறியது? முன்பெல்லாம் துண்டைத் தயார் செய்யும்போதே உள்தோல் உரசித் தேய்ந்துபோயிருந்தது. அன்று தேயவில்லை. அவ்வளவுதான்! 1980இல் இதை எழுதி வெளியிட்டார்.

உள்தோல் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது. அது சில நொடிகளே இருக்கும். அதற்குள் பக்கத்துத் தசையில் புகுந்து அதைத் தளர்த்திவிடும். இந்த ஆராய்ச்சிக்காக 1998இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைக்கிறார்களே, அதிலிருந்து வருவதும் இந்த வாயுதான்.

பீடி, சிகரெட் புகை இந்த உள்தோலைக் கெடுக்கிறது. கட்டுப்படாத சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அப்படியே. வாயு குறைகிறது, குழாய் தளர மறுக்கிறது. பீடியை விட்டவருக்கு உள்தோல் மெல்ல மெல்லத் தேறுகிறது.